செவ்வாய்க்கிழமைக்காரிகள்

கண்ணு,

நேற்றுதான் போனில் பேசினோம். நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று உனக்கும் தெரியும். அதனால் நலம் விசாரிக்கிற வரிகளைத் தாண்டி நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறக்குமுன் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவது உன் வழக்கம். கடிதத்தில் அது நடக்காது. உட்கார்ந்து கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். படிக்குமுன் சாப்பிட்டுவிடு.

போன மாதம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, உன் செவ்வாய்க்கிழமைக்காரிங்க எல்லாரையும் கல்யாணத்துக்குக் கூப்டு, நான் வேணாம்னு சொல்லல. ஆனா எல்லாரையும் ஒண்ணா உக்கார வெக்காத. யாராவது கேட்டா ஃபேக்டரி ஃப்ரெண்ட்ஸ்னு சொல்லிடு." காரணமும் சொன்னாய். எனக்கு வந்த வியாதி என் மருமகளாக வரப் போகிற எஸ்தருக்குத் தெரியும், அவள் வீட்டாருக்குத் தெரியாது. தெரிந்தால் இது ரத்தத்தில் வருகிற வியாதி என்று பயந்துவிடுவார்கள் என்றாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் பயமும் எனக்குப் புரிந்தது. அவர்களில் மெகர் ஆபாவுக்கு மெதுவாகப் பேச வராது. முன்பின் தெரியாதவர்களிடம்கூட "எனக்கு ரைட்டு எடுத்துட்டாங்க, உங்களுக்கு?" என்று கேட்கக் கூடியவர். பெண் வீட்டுப் பெரியப்பாவிடம் அப்படிக் கேட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் அந்தப் பெண்கள் யார் என்று உனக்கு நான் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்கிறது.

நீ எட்டாவது படித்த வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆனது. உன்னிடம் கட்டி என்று மட்டும் சொன்னோம். நம் பக்கத்தில் அந்த வியாதியின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "வேலூருக்குப் போய்ட்டு வர்றாங்களாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் புடவை எடுக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லும்போது குரல் தாழாது. என்னைப் பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கி வந்தார்கள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள், என் முகத்தைப் பார்க்காமல் மாராப்பைப் பார்த்தார்கள். அன்பானவர்கள்தான். ஆனால் அவர்கள் போன பிறகு ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் படுத்துக்கொள்வேன்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷனில் அத்தனை வருஷம் வேலை பார்த்து சூப்பர்வைசராகவும் ஆனவள் நான். தோலுக்கு வாசனை உண்டு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. முதல் கீமோ ஊசி போட்டுக்கொண்டு ஆம்பூருக்குத் திரும்பினபோது, பஸ் ஊருக்குள் நுழைந்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் அறைந்தது. ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் என் கைப்பையில், ஃபேக்டரிப் புடவையில், அப்பா கட்டியிருந்த பெல்ட்டில்கூட அதே வாசனை. நம் ஊரையே விட்டு எங்கே ஓடுவது? ரெண்டாவது ஊசிக்குப் போனபோது நான் ஒரு முடிவோடுதான் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, நான் பாட்டுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். போதும், வருவது வரட்டும் என்றுதான் இருந்தது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். உன் நினைப்பு வந்ததா என்று கேட்காதே, வந்தும் நடந்தேன். அந்த அளவுக்குக் களைத்துப் போயிருந்தேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா என்னை நிறுத்தினார். அவர்தான் சுசீலா சிஸ்டர். நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், வார்டுக்குள் சும்மா வந்து போய்க்கொண்டிருப்பார், என்னை அங்கே பார்த்திருக்கிறார். "எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார். "வூட்டுக்கு. எனக்கு ஊசி வேணாம் சிஸ்டர்" என்றேன். பிரசங்கம் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். "வேணாம்னா வேணாம். டீ வேணும்ல? குடிச்சிட்டுப் போ" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த மாடி அறைக்கு அழைத்துப் போனார். சிஸ்டரும் சர்ச்சுக்காரர்கள் சிலரும் தோல் மண்டி வைத்திருந்த ஒரு பாயும் சேர்ந்து நடத்தின சின்னத் தொண்டு நிறுவனம் அது. நிறுவனம் என்று சொன்னால் பெரிதாக நினைப்பாய். ரெண்டு கோரைப்பாய், ஒரு ஸ்டவ், ஒரு பீரோ, அவ்வளவுதான். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

உள்ளே நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற நோயாளிகளுக்கு சூப் வைப்பதற்காக. யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. என் கையில் ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்தார்கள். கறுப்பு புர்க்கா போட்டிருந்த ஒரு அம்மா, பஸ்ஸில் எந்த ஸ்டாப் என்று கேட்பது மாதிரி, "ரைட்டா, லெஃப்ட்டா?" என்றார். "ரைட்டு" என்றேன். "எனக்கும் ரைட்டுதான். தோ, ரத்னாவுக்கு லெஃப்ட்டு. கை தூக்க முடியுதா உனக்கு?" என்றார். அவர்தான் மெகருன்னிசா, எங்களுக்கெல்லாம் அக்கா, நம் மெகர் ஆபா. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து யாரும் என்னிடம் அதை அவ்வளவு சாதாரணமாகக் கேட்டதில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே, தோல் வாசனை தாங்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "நானும் ஆம்பூருதான். எனக்கு தோல் நாத்தம் ஒண்ணும் பண்ணல. பிரியாணிதான். தம் ஒடச்சா நான் பாத்ரூமுக்கு ஓடணும். எங்க வூட்டுக்காரர் பிரியாணி மாஸ்டர். எவ்ளோ பேஜார் பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு, எலுமிச்சை இலையைக் கசக்கிக் கர்ச்சீப்பில் முடிந்து மூக்கருகில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கர்ச்சீப்போடுதான் பிற்பாடு ஃபேக்டரிக்கும் திரும்பிப் போனேன்.

அன்றைக்கு ஊசியும் போட்டுக்கொண்டேன். ஆபா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் பருப்பில் தண்ணீர் ஊற்றுகிற அளவிலிருந்து துணி மடிக்கிற விதம் வரை ஒன்று விடவில்லை. எனக்கு நடுவில் நியாயம் கேட்கத் தோன்றி, மருமகள் பக்கம் கொஞ்சம் பேசினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்து பாட்டில் காலியானதை நர்ஸ் சொல்லித்தான் பார்த்தோம்.

கையில் டீயோடு என்னைத் தேடி அலைந்த உன் அப்பாவை நான் மறந்தே போய்விட்டேன். பாவம், ஆஸ்பத்திரி முழுக்கத் தேடிவிட்டு அந்தச் சந்துக்கு வந்து நின்றிருந்தார். மாடிக்கு ஆண்கள் வருவதில்லை. கீழே டீக்கடை வாசலில் இன்னும் ரெண்டு மூன்று பேர் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள், எல்லாம் மேலே இருக்கிற பெண்களின் வீட்டுக்காரர்கள். ஒருத்தரோடொருத்தர் பேசாமல் பேப்பர் படிப்பது போல நிற்பார்களாம். எத்தனையோ செவ்வாய்க்கிழமை போன பிறகுதான், ஆபாவின் வீட்டுக்காரர் அப்பாவிடம், "உங்க வூட்ல ராத்திரி தூங்குறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "அவ தூங்குறா, நான்தான் தூங்கல" என்றாராம். அதிலிருந்து கீழேயும் ஒரு சங்கம் சேர்ந்துவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் அப்பா அந்த வருஷம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பயந்து பேசவில்லை. இவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தெரிந்திருந்தால் அவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன். நீயும் அவர் பிள்ளைதான். எஸ்தரிடம் பயத்தைச் சொல்லிப் பழகு. டீக்கடையில் வேறு ஒருத்தரிடம் சொல்லிவிட்டு அவளிடம் தைரியசாலியாக நடிக்காதே.

இனி கேழ்வரகுக் கதை. உனக்குப் பாதிதான் தெரியும். மார்பு எடுத்த பிறகு ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் காலியுமாக உடம்பு சாய்ந்துவிடும், முதுகு வலிக்கும், ரவிக்கை நிற்காது. அதற்கென்று விற்கிற பொருள் மெட்ராஸில் கிடைத்தது, விலையைக் கேட்டதோடு விட்டுவிட்டோம். பஞ்சு அடைத்துப் பார்த்தோம், கனம் இல்லாததால் நடக்க நடக்கக் கழுத்துக்கு ஏறி வந்தது. இதில் நான்தான் முன்னால் நின்றேன். ஷூவுக்கு வெட்டுவதுபோல அட்டையில் பேட்டர்ன் போட்டேன், ஓரத்தை மடித்து ரெட்டைத் தையல் போட்டேன். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற ரத்னா மெத்தென்ற துணி கொண்டுவந்தாள். உள்ளே என்ன போடுவது என்று ஆளுக்கு ஒன்று சொல்லி, கடைசியில் கேழ்வரகு என்று முடிவானது. கனமும் சரி, உடம்போடு அசைவதும் சரி. எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தேன். எக்ஸ்போர்ட் ஆர்டரை முடித்த மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தது ஐப்பசி மழை. அழுக்கானால் கேழ்வரகைக் கொட்டிவிட்டுத் துவைக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. கொட்டுவதற்கு வாய் வைத்தே தைக்கவில்லை. அப்படியே முக்கித் துவைத்து, வெயில் இல்லாததால் கதவுக்குப் பின்னால் ஈரமாகத் தொங்கவிட்டேன். ரெண்டு நாள் கழித்து அப்பா அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார். தையல் வழியாக வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் கேழ்வரகு முளை விடும் என்று தெரியாத பெண் இந்த ஜில்லாவில் உண்டா? கஞ்சி மாவுக்கு நானே அப்படித்தானே கட்டுவேன். "இது இன்னா, மாட்டிக்கவா, கஞ்சி காய்ச்சவா?" என்று கேட்டார் உன் அப்பா. எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. நீ அப்போது உள்ளே வந்து, என்னவென்று தெரியாமலே, அப்பா சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாயே, அது இதற்காகத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போனால் எல்லாரும் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலைக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கீரை மட்டும் உருவிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஆபா பொறுக்க முடியாமல், "யம்மா சூப்பர்வைசரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வெவசாயம் ஆரம்பிச்சிடுச்சி" என்றார். பிறகு ரத்னா, "எனக்கும்க்கா" என்றாள். இன்னொருத்தி, "எனக்கும்தான்" என்றாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சுசீலா சிஸ்டர் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து எல்லாரையும் அதட்டினார். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி ஆனது, தன் உடம்புச் சூடு அப்படி என்று நினைத்து மூடி மறைத்திருந்திருக்கிறாள். அதற்கப்புறம் கேழ்வரகை வறுத்து, வாய் வைத்துப் பட்டன் போட்டுத் தைத்தேன். வார்டில் புதிதாக ஆபரேஷன் ஆகிறவர்களுக்கு இன்றுவரை அதே பேட்டர்னில்தான் தைத்துக் கொடுக்கிறோம்.

எல்லாமே சிரிப்பு என்று நினைக்காதே. ரத்னா இப்போது இல்லை. அவள் கட்டியைத் தெரிந்துகொண்டும், தீபாவளி ஆர்டர் முடியட்டும், பொங்கல் ஆர்டர் முடியட்டும் என்று தறியில் உட்கார்ந்திருந்தவள். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து சேர்ந்தாள், முன்னால் போய்விட்டாள். கடைசி வாரங்களில் நாங்கள் முறை வைத்துக்கொண்டு குடியாத்தத்துக்குப் போனோம். அவள் தலையை வாரிவிட முடி இல்லை, காலைப் பிடித்துவிட்டோம். அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் துணித் துண்டுகளைச் சேர்த்து வைத்து அனுப்புகிறார். அவளை நினைக்கும்போது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வருகிறது. அவள்மேல் இல்லை, "முடியட்டும்" என்கிற அந்த வார்த்தைமேல்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் மாமியாராகப் போகிற பிரேமா சம்மந்தியோடு வேலூரில் புடவை எடுத்தேன் அல்லவா, எடுத்த கையோடு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனோம். கேழ்வரகுப் பைக்கு உள்ளே பாக்கெட் வைத்து எனக்கு எப்போதும் தைக்கிற பெண் அங்கே இருக்கிறாள். வெள்ளை மனசுக்காரி. அளவு எடுத்துக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு உள்பாக்கெட் ரைட் சைடுதானே?" என்று கேட்டுவிட்டாள். சம்மந்தி சிரித்துக்கொண்டே, "உள்பாக்கெட்டு எதுக்கு சம்மந்தி, காசு வெக்கவா?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. உன் குரல் என் காதில் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. ஆனால் இத்தனை வருஷம் வார்டில் புதுப் பெண்களிடம் "ஒளிக்காத, சொல்லு" என்று சொல்லித் திரிந்த வாய் இது. சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. புடவைப் பையை எடுத்துக்கொண்டு, "நேரமாச்சி, காட்பாடி பஸ் போய்டும்" என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை. நான் பண்ணினாலும் யாரும் எடுக்கவில்லை. உன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன் கண்ணு. உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அந்த நாட்களில் நீ போன் பண்ணும்போதெல்லாம் மண்டபம், சமையல்காரர் என்று பேசிச் சமாளித்தேன். அப்பா மட்டும், "சொன்னது நல்லதுதான். இதுக்காக வேணாம்னு சொல்ற எடம்னா இப்பவே சொல்லட்டும்" என்றார். ஆனால் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு நாள் சாயந்திரம் பிரேமா சம்மந்தி தனியாக வந்து நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக பஸ் ஏறி வந்திருக்கிறார், விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று நேரில் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "சம்மந்தி, உங்களுக்கு அது மொதல்ல எப்டித் தெரிஞ்சிது? வலிச்சிதா?" என்று கேட்டார். "வலிக்கல. அதான் அதோட வேலையே" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் வலிக்கல. ரெண்டு மாசமா இருக்குது. யாருகிட்டயும் சொல்லல. எஸ்தர் கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன்" என்றார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், ரெண்டு மாதமாக அவர் பத்திரிகை அடிப்பதும் நகை பார்ப்பதும் இதைச் சுமந்துகொண்டேதான்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சோதனையெல்லாம் முடிந்து டாக்டர் சொல்லிவிட்டார்: அதுதான். ஆனால் சின்னது, இப்போதே எடுத்துவிட்டால் நல்லது, கல்யாணத்துக்கும் வந்து உட்காரலாம், ஊசி மருந்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் சந்தோஷப்பட்டேன், சம்மந்தி படவில்லை. "கல்யாண வூட்ல யாராவது ஆபரேஷன் பண்ணிப்பாங்களா? சொந்தக்காரங்க இன்னா பேசுவாங்க? அஞ்சு வாரம்தானே, போவட்டும்" என்று பிடிவாதம் பிடித்தார். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரிடம் நான் என்ன சொல்லி ஜெயிப்பது? ஒருத்தியால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. அவரிடம் கேட்டுக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் செவ்வாய்க்கிழமைக்காரிகளையும் அப்பாவையும் காட்பாடிக்கு, சம்மந்தி வீட்டுக்கு அழைத்துப் போனேன். எஸ்தர் கொயர் பிராக்டிசுக்குப் போயிருந்தாள். ஆபா வெறுங்கையோடு வருவாரா, ஒரு டேக்சா நிறையப் பிரியாணியும் கூடவே வந்தது.

அங்கே போயும் யாரும் புத்தி சொல்லவில்லை. ஆபா, "ரைட்டா, லெஃப்ட்டா?" என்று ஆரம்பித்தார். "லெஃப்ட்டு" என்றார் சம்மந்தி, அவரை அறியாமலே. பிறகு ஒவ்வொருத்தியும் எதற்காகத் தள்ளிப் போட்டாள் என்று சொன்னார்கள். ஒருத்தி மகள் பிரசவத்துக்காக, ஒருத்தி வீடு கட்டி முடிக்க. ரத்னா கதையை நான் சொன்னேன். கடைசியாக ஆபா புர்க்காவின் கையைச் சுருட்டி வலது கையைக் காட்டினார். நீயும் பார்த்திருப்பாய், தோளிலிருந்து விரல் வரை வீங்கித்தான் இருக்கும். "எம் பொண்ணு நிக்காஹ் முடியட்டும்னு இருந்தேம்மா. முடிஞ்சிது, நல்லா முடிஞ்சிது, ஊரே சாப்ட்டுது. அதுக்குள்ள அது அக்குள் வரிக்கும் போய்டுச்சி. எல்லாத்தயும் சொரண்டி எடுத்தாங்க. அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு கொழந்தைங்க. ஒண்ணயும் இந்தக் கையால தூக்குனதில்ல. கல்யாணம் ஒரு நாள்மா. பேரப் புள்ள தெனம் தூக்கச் சொல்லுது." அவ்வளவுதான் சொன்னார். பிறகு பிரியாணி ஆறுகிறது என்று தட்டு கேட்டார்.

சம்மந்தி ரொம்ப நேரம் அழுதார். நாங்கள் தடுக்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த வாரம் வியாழக்கிழம பண்ணிக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். அவர் வீட்டுக்காரருக்கும் அன்றைக்குத்தான் சொன்னார். உன் அப்பா அவர் தோளில் கை போட்டு, "வாங்க, டீ சாப்ட்டு வருவோம்" என்று வெளியே அழைத்துப் போனார். ரெண்டு பேரும் திரும்பி வர வெகு நேரம் ஆனது.

இதையெல்லாம் சம்மந்தி சம்மதத்தோடுதான் உனக்கு எழுதுகிறேன். எஸ்தருக்கு இன்னும் தெரியாது. வருகிற சனிக்கிழமை காலையில் அவர் தன் வாயாலேயே அவளிடம் சொல்லப் போகிறார். நீ வெள்ளிக்கிழமை சாயந்திர வண்டியைப் பிடித்துவிடு. லீவு இல்லை, ஆபீஸில் ரிலீஸ் இருக்கிறது என்றெல்லாம் சொல்லாதே. வேலை முடியட்டும் என்ற வார்த்தையை இனி இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது. அவளைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதே, அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார். கேட்டால் பதில் சொல். அவளுக்குக் கோபம் வந்தால் உன்மேல்தான் காட்டுவாள், வாங்கிக்கொள். கல்யாணத்துக்கு முன்னாலேயே புருஷனாக இருக்க இப்படி ஒரு வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ரத்தத்தில் வருமா என்கிற பயம் உனக்கு ரெண்டு பக்கமும் இருக்கும் இப்போது. அதை டாக்டரிடம் நேராகக் கேட்போம், நீ, எஸ்தர், சம்மந்தி, நான் என்று நாலு பேரும் சேர்ந்தே போய்க் கேட்போம். தெரிந்துகொண்டு வாழ்கிறவர்களைத்தான் நான் அந்த மாடியில் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வாழ்கிறார்கள்.

நான் இப்போது நிம்மதியாகத்தான் இருக்கிறேன், நம்பு. சம்மந்திக்கு அளவு எடுத்தாயிற்று. கல்யாணப் புடவைக்குத் தோதாக ஒரு கேழ்வரகுப் பை தைத்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் அல்லவா, தையல் நேராக இருக்கிறதா என்று இப்போதே கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்.

நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் பாக்கி. கோயிலில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முன்வரிசையில் எங்கள் பெண்களுக்கு ரெண்டு பெஞ்சு ஒதுக்கி வைத்திருந்தேன். உன்னோடு சண்டை போடவும் தயாராகத்தான் இருந்தேன். நேற்று அதைச் சம்மந்தியிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். "அதெல்லாம் முடியாது. அவங்க எங்க பக்க ஆளுங்க. பொண்ணு வூட்டு பெஞ்சுல, என் பக்கத்துலதான் உக்காருவாங்க" என்கிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். உனக்குத் தைரியம் இருந்தால் நீ போய்ச் சொல்லிப் பார்.

உன் அம்மா